பின்சுவர் ஓட்டையில் வக்கீல் குடும்பம்

மார்ச் 3

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஓர் எழுத்து குட்டை, ஓர் எழுத்து நெட்டை. வரி மேலே ஏறிக் கீழே சரிகிறது. நாற்பது வருஷம் நூல் பிடித்துச் செங்கல் வைத்த கை இது. ஒரு சுவரையாவது இப்படிக் கோணலாகக் கட்டியிருந்தால் மேஸ்திரி என்னைச் சாரத்திலிருந்து தள்ளிவிட்டிருப்பார்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. நூலகத்து மாடியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. நவம்பரில் போய்ச் சேர்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். கடிதத்தின் மேலே உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று வாத்தியாரம்மாவிடம் கேட்டேன். "வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே எழுதுங்க தாத்தா" என்றார். வீட்டில் இந்தாம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எழுதிக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அக்டோபரில் பெரிய காய்ச்சல் வந்ததே, அந்த அசதி போய்விட்டதா? நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது.

காய்ச்சலுக்குப் பிறகு நீ போனுக்கே வருவதில்லை. எப்போது கூப்பிட்டாலும் மகள்தான் எடுக்கிறாள். அம்மா குளிக்கிறாள், அம்மா தூங்குகிறாள் என்கிறாள். "உங்கம்மா என்ன மீன் ஜாதியா, இத்தனை தடவை தண்ணிக்குள்ளயே இருக்க?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். போனை எடுக்காதவள் கடிதத்தைப் பிரிக்காமலா போவாய்?

ஒரு செய்தி. பின்சுவரில் சாரம் கட்டியபோது விட்ட ஓட்டை இருக்கிறதல்லவா? ஊர் வீட்டுக்கெல்லாம் பூசுகிறவர் நம் வீட்டு ஓட்டையை அடைக்க மாட்டாரா என்று நீ இடித்துக் காட்டுவாயே, அதே ஓட்டைதான். அதற்குள் ஒரு சாம்பல் நிறக் குருவி வேரும் நாரும் கொண்டு போகிறது. நல்லவேளை, நான் அடைக்கவில்லை.

பேத்தியின் தலை நின்றதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனாய். இப்போது உட்காரவே ஆரம்பித்திருப்பாள். விரல் வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
நீ என்னங்க என்று கூப்பிடும் ஆள்


மார்ச் 16

அன்புள்ள என்னங்கவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமாக இருப்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்த்துவிட்டேன்.

தபால்காரர் கொடுத்த உறையில் பழக்கமில்லாத எழுத்து. யாரோ என்று பிரித்தேன். உள்ளே இந்தாம்மா என்று இருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் பின்னாலிருந்து வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். கடிதத்தைக் காட்டினேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

குழந்தைக்குக் கீழ் ஈறில் ஒரு பல் வெளுத்து முட்டிக்கொண்டு நிற்கிறது. சிரித்தால் ஈறு முழுதும் தெரிகிறது. வாயை அகலமாகத் திறந்துகொண்டு முகம் சிவந்தால் பசி என்று அர்த்தம். வெளியே மழை. ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக வழிகிறது. முந்தாநாள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்ப் பாத்திரத்தைக் கருக்கிவிட்டேன். இப்போதெல்லாம் ஆவி வருகிறவரை அடுப்பின் முன்னாலேயே நிற்கிறேன்.

போனில் பேச நேரம் அமைவதில்லை. கடிதம்தான் நல்லது. நினைத்தபோதெல்லாம் எடுத்துப் படிக்கலாம்.

குருவி வந்துவிட்டதா! அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். அது செய்வதையெல்லாம் பார்த்து எழுதுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடுங்கள்.

உங்கள்
இந்தாம்மா


மார்ச் 28

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? நான் சுகம். எண்ணெய் தேய்த்தேன், முழங்கால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு வில்லங்கம்.

சாம்பல் குருவி கூடு கட்டி முடித்தது. ஏணி போட்டு, சவரக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்த்தேன். நான்கு முட்டைகள். நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறம். மேலே பழுப்புப் புள்ளிகள், சித்தாள் கலவையைத் தொப்பென்று கொட்டியதில் தெறித்த மாதிரி. அவள் பாவம், தனியாகவே அடைகாக்கிறாள்.

இப்போது ஒருவன் வந்து நிற்கிறான். முதுகெல்லாம் மினுமினுக்கும் கறுப்புக் கோட்டு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, ஓட்டைக்கு நேர் எதிரே மதிலில் உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்துகிறான். அசல் வக்கீல். விடிவதற்கு முன்பே வந்து கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து குரலெடுத்து வாதாட ஆரம்பித்துவிடுகிறான். வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

நான் கட்டிய சுவர், குடியிருப்பவள் ஒண்டிப் பெண். விடுவேனா? சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயை எடுத்து அவன்மேல் பீய்ச்சினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னண்ணே, குருவியோட தகராறு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப ஒரு வாய்தா வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிக்கெட் விஷயம் மாப்பிள்ளையிடம் கேட்டாயா?

இப்படிக்கு,
உன் வீட்டுக் காவல்காரன்


ஏப்ரல் 5

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

சௌக்கியமா? உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். பொறுக்க முடியவில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டேன். வக்கீல் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அவன் வரும்போதெல்லாம் விடாமல் தண்ணீர் அடித்ததில் கோட்டு நனைந்து ஓடிப்போனான்.

ஆனால் சாம்பல்காரிக்குச் சந்தோஷமாகத் தெரியவில்லை. ஓட்டையிலிருந்து வெளியே வந்து, தரையில் இரண்டு பூச்சியைப் பொறுக்கிவிட்டு, காலியாக இருக்கும் கம்பியை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு அவசரமாக உள்ளே போய்விடுகிறாள். எனக்கும் காலையில் எழுந்தால் என்னவோ ஒன்று குறைகிறது. என்னவென்று தெரியவில்லை.

டிக்கெட்டைப் பற்றி எழுது. வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமென்று இருக்கிறேன். நீ வரும் தேதி தெரிந்தால் அதற்கு முன்னால் முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் என்னங்க


ஏப்ரல் 10

அன்புள்ள என்னங்கவுக்கு,

நலம். நலமா என்று விசாரிக்கக்கூட நேரமில்லை. குழாயைக் கீழே வையுங்கள். அவன் அவளுடைய புருஷன்!

உங்கள் மார்ச் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. இதற்குள் என்னவெல்லாம் செய்து வைத்திருக்கிறீர்களோ என்று பதறுகிறது. நீங்கள் நாற்பது வருஷமும் கருக்கலில் வேலைக்குப் போய் விளக்கு வைத்தபின் வந்தவர். அவர்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குச் சமையலறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். குண்டுக்கரிச்சான் என்று பெயர். ஆண் கறுப்பு, பெண் சாம்பல். வேறு வேறு ஜாதி என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

கூடு கட்டுவதும் அடைகாப்பதும் அவள் வேலை. அவன் உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து பாடுவான். எங்கள் இடம், வேறு யாரும் உள்ளே வராதே என்பதுதான் அந்தப் பாட்டு. விடியலில் எல்லாக் குருவிக்கும் முன்னால் அவன் குரல்தான் எழும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். அதன்பின் இரண்டு பேரும் இரை கொண்டுவர வேண்டும். அவன் இல்லாவிட்டால் அவள் ஒருத்தி என்ன செய்வாள்?

குழந்தை தவழ்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன்மேலேயே கண்ணாக இருக்கிறேன். ஒரு நொடி அந்தண்டை திரும்பினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

அவனைத் தேடிப் பாருங்கள். உடனே எழுதுங்கள்.

உங்கள்
இந்தாம்மா


ஏப்ரல் 21

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை. புருஷன் பெண்சாதியைப் பிரித்து வைத்தவன் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. தையல்காரர் பரப்பிவிட்டார்.

பயப்படாதே. அவன் எங்கும் போகவில்லை. தெருக்கோடி விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து அங்கேயே பாடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் வகுப்புக்குப் போகும் சாயங்காலங்களில் திருட்டுத்தனமாக வந்து அவளைப் பார்த்துவிட்டும் போயிருக்கிறான். தையல்காரர் இதைப் பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றால், "கேஸ் உங்க பக்கம் போய்க்கிட்டிருந்துச்சு, நான் எதுக்கு சாட்சி சொல்லணும்?" என்கிறார்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே குழாயைச் சுருட்டி அறைக்குள் வைத்துவிட்டு, பின்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். மறுநாள் விடிவதற்கு முன் கம்பியில் அவன் குரல் கேட்டது. காலையில் என்ன குறைந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குஞ்சுகள் பொரித்துவிட்டன. ஓட்டை நிறைய மஞ்சள் வாய். புழு, வெட்டுக்கிளி, கம்பளிப்பூச்சி என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கொண்டுவருகிறார்கள். அவன் என்னைப் பார்த்தால் மட்டும் இன்னும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

இந்தாம்மா, ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். வழக்கம்போல மகள்தான் எடுத்தாள். பின்னால் உன் குரல் கேட்டது. குழந்தையை என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய். ரொம்பச் சத்தமாகப் பேசினாய். அம்மாவிடம் கொடு என்றேன். அம்மா வெளியே போயிருக்கிறாள் என்று மகள் சொல்லிவிட்டாள். என்மேல் என்ன கோபம்? நான் எதைச் சொல்லி உன் மனசு நோகும்படி ஆயிற்று? டிக்கெட்டைப் பற்றியும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. வருவாயா, மாட்டாயா? அதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
என்னங்க


மே 3

அன்புள்ள என்னங்கவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்துக்காக வேண்டிக்கொள்கிறேன்.

கோபம் ஒன்றுமில்லை. உங்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? இங்கே மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். நான் இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஒத்தாசை. நீங்களும் வீட்டைத் தனியாக நன்றாகவே பார்த்துக்கொள்கிறீர்கள். வகுப்பு இருக்கிறது, தையல்காரர் இருக்கிறார். பேச ஆள் இருக்கிறது. நான் வந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? கொஞ்ச நாள் போகட்டும்.

இங்கேயும் தோட்டத்து வேலியில் அவர்கள் ஜாதியில் ஒருவன் வந்து உட்காருகிறான். வாலைத் தூக்கி இறக்குகிறான். அலகு திறக்கிறது, தொண்டை உப்பி உப்பி அடங்குகிறது, வெள்ளைப் பட்டை வெயிலில் பளிச்சிடுகிறது. காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நம் வீட்டுக்காரன் எப்படிப் பாடுகிறான் என்று எழுதுங்கள். எங்கே ஆரம்பிக்கிறான், எங்கே நிறுத்துகிறான், எல்லாவற்றையும் எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள்
இந்தாம்மா


மே 17

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நலம்தானே? நீ கேட்டதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. தினமும் விடியலில் பின்படியில் உட்கார்ந்து கேட்டேன். பாட்டை எழுத்தில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. வாத்தியாரம்மாவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது தாத்தா, உங்களுக்குத் தெரிஞ்ச வேலைய வச்சு எழுதிப் பாருங்க" என்றார். எழுதுகிறேன்.

முதலில் ஒரு நீட்டு. சுவருக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூலை இழுத்துக் கட்டுவது மாதிரி, தொய்வே இல்லாமல். உடனே நிறுத்தி மட்டம் பார்க்கிறான். பிறகு சின்னச் சின்னதாக மூன்று நான்கு. கரணைக் காம்பால் செங்கலைத் தட்டி உட்காரவைக்கும்போது கேட்குமே, அந்தத் தாளத்தில். ஒரு செங்கல் சரியாக உட்காரவில்லை என்று தோன்றினால் அதையே திரும்பத் தட்டுகிறான். நடுவில் வேறு குருவிகளின் குரலையும் திருடிக்கொண்டுவந்து சொருகுகிறான். அடுத்த வீட்டு ஜல்லியை நம் அஸ்திவாரத்தில் போடுவது மாதிரி. கடைசியில் பூச்சு. ஒரே இழுப்பு, வழுவழுவென்று வளைந்து மேலே போய், சட்டென்று விட்டுவிடுகிறான். மிச்சத்தைக் கேட்கிறவர்கள் மனசுக்குள் பூசிக்கொள்ள வேண்டும். பிறகு மறுபடி நூல் கட்டுகிறான். ஆனால் இந்தத் தடவை வேறு சுவர். ஒன்று போல இன்னொன்றை அவன் கட்டுவதே இல்லை.

மழைக்காலம் தாண்டினால் பாட்டு நின்றுவிடும் என்று வகுப்பில் ஒரு புத்தகத்தில் படித்தேன். அப்புறம் மாதக்கணக்கில் உஸ் உஸ் என்று சீறுவதோடு சரியாம். குஞ்சுகள் பறந்துவிட்டன. நெஞ்சில் புள்ளி புள்ளியாக, யாருடைய சாயலும் இல்லாமல் இருக்கின்றன.

உன் கடிதங்களை இன்னொரு தடவை படிக்கப்போகிறேன். நீ வர மாட்டேன் என்று எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் புரியவில்லை.

இப்படிக்கு,
என்னங்க


மே 20

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தின் நடுவில் செய்கிறேன்.

நான் மெதுவாகப் படிக்கிறவன். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகத்தான் என்னால் போக முடியும். அப்படிப் படித்ததில் ஒன்று தட்டுப்பட்டது. மழை கண்ணாடியில் வழிகிறது என்று எழுதியிருக்கிறாய். குழந்தை சிரித்தால் ஈறு தெரிகிறது, முகம் சிவந்தால் பசி. குருவிக்குத் தொண்டை உப்புகிறது. ஆவி வருவதைப் பார்த்து அடுப்பை அணைக்கிறாய். நம் வீட்டில் நீ கேட்ட பழைய பாட்டைப் பற்றி எழுதும்போது சத்தம் இருக்கிறது. அங்கே நடப்பதை எழுதும்போது எதிலும் சத்தமே இல்லை.

உடனே மகளுக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்குக் காது கேக்குதாம்மா?" என்றேன். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாங்கப்பா" என்றாள். பிறகு எல்லாம் சொன்னாள். காய்ச்சலோடு போனது, திரும்ப வராது, காதில் மெஷின் வைத்துப் பார்த்தும் பலனில்லை என்று.

இப்போது கேட்கிறேன். காதில் வலி இருக்கிறதா? தலைசுற்றல் இருக்கிறதா? ராத்திரி தூக்கம் வருகிறதா? மறைக்காமல் எழுது.

போன வருஷம் நான் கைநாட்டு. காய்ச்சல் விட்ட கையோடு நீ வந்திருந்தால் நாம் இரண்டு பேரும் என்ன செய்திருப்போம்? முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது எனக்கு எழுத வரும். மெதுவாகத்தான் வரும். உனக்கு என்ன அவசரம்?

வந்துவிடு.

என்னங்க


ஜூன் 1

அன்புள்ள என்னங்கவுக்கு,

வலி இல்லை. தலைசுற்றல் முதலில் இருந்தது, இப்போது இல்லை. தூக்கம் வருகிறது. மறைக்கவில்லை.

பாட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். அவன் அலகு திறந்தபோது நூலைக் கட்டினேன். நின்றபோது மட்டம் பார்த்தேன். தொண்டை துடித்தபோது செங்கல் தட்டினேன். ஓரளவு வந்தது.

ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவும்போதே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். எந்தச் சுவர் பிதுங்கியது, எந்த வீட்டுக்காரம்மா பூச்சில் நொட்டை சொன்னாள், சித்தாள் என்ன எதிர்த்துப் பேசினாள் என்று. சமையலறை வாசலில் நின்று ஈரக் கையோடு சொல்வீர்கள். பகல் முழுவதும் நான் அதற்குத்தான் காத்திருப்பேன். உங்களுக்கு இது தெரியாது. ஒன்றும் காதில் விழாமல், உங்கள் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. படுக்கும்போது கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன். அங்கே வந்து, நேரில் கேட்காமல் போனால், இதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் வாய் சும்மா இருக்காது. இரண்டு நாள் ஆசையாக எழுதுவீர்கள். மூன்றாம் நாள் அலுத்துவிடும். தையல்காரரிடம் பேசப் போய்விடுவீர்கள். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

மாப்பிள்ளை டிக்கெட் எடுக்கட்டுமா என்று எழுதிக் காட்டுகிறார். நான் தலையாட்டவில்லை. நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள்
இந்தாம்மா


ஜூன் 22

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

உடம்பைப் பற்றி எழுதியதில் மனசு ஆறியது. நீ சந்தேகப்பட்டது நியாயம். அதனால் வெறும் வாக்குக் கொடுக்காமல் சோதித்தே பார்த்துவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து ஒரு வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதியே காட்டினேன்.

முதல் நாள் கடைக்காரர் என்னைத் தொண்டை நோய்க்காரன் என்று நினைத்து வெந்நீர் கொடுத்தார். தையல்காரர், "பல் வலியாண்ணே?" என்றார். இல்லை என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வெட்ட வைத்திருந்த துணிமேலேயே பதில் எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் நீ சொன்ன மாதிரியே அலுத்தது. கை கடுத்தது. ஆனாலும் விடவில்லை. ஐந்தாம் நாள் ஒரு செங்கல் காலில் விழுந்து வாய் தவறிவிட்டது. அந்த வார்த்தையை எழுத வகுப்பில் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசி நாள் சமையலறை வாசலில் ஈரக் கையோடு போய் நின்றேன். நீ உள்ளே இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதினேன். சுவர், பூச்சு, சித்தாள் என்று ஏதாவது வரும் என்றுதான் நினைத்தேன். "நீ இல்லாம எனக்கு இந்த வீடு ஆகலை" என்று வந்தது. இத்தனை வருஷம் அந்த வாசலில் நின்று அத்தனை பேசியிருக்கிறேன். இதைப் பேசியதே இல்லை.

குரலைப் பற்றி எழுதியிருந்தாய். அதை அப்படியே பத்திரமாக வைத்திரு. நான் ஊமையாக இருக்கப்போவதில்லை. எழுதும்போதே வாயால் சொல்லிக்கொண்டும் எழுதுவேன். நீ தாளைப் படி, என் வாயைப் பார், உன்னிடம் இருக்கிற குரலை எடுத்து அதில் பொருத்திக்கொள். ஞாபகம் இருப்பது தேய்ந்துவிடும் என்று பயப்படாதே. தினமும் புழங்கினால் தேயாது.

யோசித்தாயிற்று. மாப்பிள்ளையிடம் தலையாட்டிவிடு. வரும் தேதியை மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். கூட்டத்தில் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன், உனக்கு எதிரே வந்து நிற்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அதற்குள் நீ வந்துவிட்டாலும் எழுதுவேன். சாப்பிட உட்காரும்போது கையில் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் என்னங்க